சொக்கப்பெருமாள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் பெங்களூர் டொம்ளூர் சொக்கநாதசுவாமி கோயில் கட்டுரையில் நேற்று மதியத்திலிருந்து யாரும் கை வைக்கவில்லை. முழுசாக ஒரு நாள். கவனிப்புப் பட்டியலைத் திறந்ததும் அந்தப் பெயர் மேலே வந்து நிற்காமல் இருப்பதே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

கோயில் கல்வெட்டுகளைப் பற்றிய வரிகளை ஆளாளுக்கு அழிப்பதும் திரும்ப வைப்பதுமாக நடந்த அந்த ஒன்பது நாள் கூத்தை நான் திரும்ப எழுதப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதில் தூக்கம் கெட்டவர்கள். மீதிப் பேருக்கு, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவாகிற வரலாற்றுப் பக்கம் இருக்கிறது, பொறுமை இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வந்தது நன்றி சொல்ல. கூடவே ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அது தானாக நடுவில் வரும்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குக் காப்புப் போட்டு, அன்றைக்குத்தான் பிறந்த கணக்குகளையெல்லாம் வாசலிலேயே நிறுத்திய நிருவாகிக்கு நன்றி. (அதற்கு முந்தின வாரம் என்னை 24 மணி நேரம் தடை செய்தவரும் அவரேதான். அடுத்தவர் மாற்றத்தை நீக்கி ஒரே நாளில் நாலு தடவை மீளமைத்தவனை மடியில் வைத்தா கொஞ்சுவார்? அன்றைக்குத் திட்டினேன், இன்றைக்குக் கும்பிடுகிறேன்.) கன்னட விக்கிப்பீடியாவிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்களிடம் கன்னடக் கல்வெட்டை அழிக்கிறார்கள், எங்களிடம் தமிழ்க் கல்வெட்டை அழிக்கிறார்கள், கோயில் என்னவோ ஒன்றுதான்" என்று பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டு, இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு சான்றுப் பட்டியலும் போட்டுக்கொடுத்த நண்பருக்கு நன்றி. சொக்கநாதர் என்றாலே மதுரைதான் என்று முடிவுகட்டிக் கட்டுரையைச் சிவன் கோயில்கள் பகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களிடம், இங்கே இருப்பது ஸ்ரீதேவி பூதேவியோடு இருக்கிற பெருமாள், கல்வெட்டிலேயே சொக்கப்பெருமாள் என்றுதான் வருகிறது என்று குரலே உயர்த்தாமல் பதினோரு தடவை சொன்ன கல்லூரித் தங்கைக்கு நன்றி. எனக்கு மூன்றாவது தடவையே வாய் நீண்டிருக்கும். செல்போன் வெளிச்சத்தில் கல்லை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றவனை விரட்டாமல், "தீபாராதனை ஆகட்டும், அப்புறம் பாருங்கோ" என்ற அர்ச்சகருக்கும்.

இனிமேல் சொல்லப்போவது ஒரே ஒருவரைப் பற்றி.

டொராண்டோ ஐயாவை உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் போட்டுப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது, அதனால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன். அவருக்கும் எனக்கும் ஆகாது என்பதும் உங்களுக்குத் தெரியும். எங்கே தொடங்கியது என்பது மட்டும் தெரிந்திருக்காது. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கட்டுரையில் அவர் ரொறன்ரோ என்று எழுதியிருந்தார். எழுத்துப்பிழை என்று நினைத்து டொராண்டோ ஆக்கினேன். அவர் பழையபடி மாற்றினார். நான் மறுபடியும் மாற்றினேன். அவர் குடியிருக்கிற ஊரே அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. நாம் டகரம் போடுகிற இடத்தில் இலங்கைத் தமிழர் ரகரமும் றகரமும் போட்டு எழுதுவது நெடுநாள் வழக்கம் என்பதும் தெரியாது. தெரிந்த பிறகும் விட்டேனா என்றால், விடவில்லை.

டொம்ளூர் விஷயத்துக்கு வருவோம். கட்டுரையைத் தொடங்கியவன் நான். அல்சூர் மர்ஃபி டவுனிலிருந்து மாரத்தஹள்ளிக்கு வேலைக்குப் போகிறவன், தினம் இரண்டு வேளை டொம்ளூர் மேம்பாலத்தைத் தாண்டுகிறவன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐ.டி. பார்க், அந்தப் பக்கம் கொஞ்சம் உள்ளே போனால் தமிழும் கன்னடமுமாகக் கல்வெட்டுகள் உள்ள ஒரு பழைய கோயில். போசள (ஹொய்சள) அரசன் வீரராமநாதன் காலத்துத் தமிழ், விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்துக் கன்னடம், வாசலுக்கு இரண்டு நிலைக்கால் கொடுத்த அழகியார் என்பவரின் பெயர், எல்லாம் அங்கே இருக்கிறது. பெங்களூரிலேயே பிறந்த லூயிஸ் ரைஸ் தொகுத்த எபிகிராஃபியா கர்னாட்டிகா என்ற கல்வெட்டு நூல்வரிசையின் ஒன்பதாம் தொகுதியில், 1905லேயே, பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகள் அச்சாகிவிட்டன. இதையெல்லாம் தமிழில் எழுதி வைக்க ஆளில்லையே என்றுதான் உட்கார்ந்தேன். இந்த ஊர்த் தமிழர் வாயில் வருகிறபடி டொம்ளூர் என்று தலைப்பு வைத்தேன்.

ஐயா வந்தார். தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது, தொம்லூர் என்று நகர்த்தலாமே என்றார். ரைஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'டி'யில் தொடங்குகிற டொம்பலூர் என்று இருப்பதை எடுத்து வீசினேன். அவர் நிதானமாக எழுதினார்: "ஆங்கிலத்தில் த, ட இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். கல்லில் எது என்று பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. பார்க்காததை மறைக்கக் கோபம் வந்தது. கன்னடத்திலும் அது தகர ஒலியில்தான் தொடங்குகிறது என்று அவர் நாலாவதாக ஒரு கருத்து வைத்தார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அப்போது எழுதியதுதான் அந்த வரி.

"இந்த ஊரில் ஒரு நாளாவது இருந்திருக்கிறீர்களா? எங்கோ குளிரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர்ப் பெயரை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்."

ஊரை விட்டு வந்த ஒரு மனுஷரிடம் இப்படிக் கேட்டேன். எந்த நிலைமையில் வந்தார் என்று கேட்டதுகூடக் கிடையாது. புதுப் பயனர்களின் பேச்சுப் பக்கத்தில் அடுத்தவரின் நல்லெண்ணத்தை நம்ப வேண்டும் என்ற விக்கி நெறியை நானே எத்தனை தடவை ஒட்டியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அந்த வரியை நான் அழிக்கவில்லை. அழித்தாலும் வரலாற்றில் நாள், மணி, நிமிடத்தோடு இருக்கும். குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 'தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று கையொப்பம் இட்டிருக்கிறேன்.

அவர் பதில் போடவில்லை. நான் வீராப்பாக விக்கி விடுப்புப் பலகையைப் பயனர் பக்கத்தில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வீட்டில் வேறு அறிவித்தேன். (என் மனைவி, "அப்போ ஞாயிற்றுக்கிழமை அரிசி மாவு அரைச்சுட்டு வந்துடறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.)

நாலாம் நாள் கூட்டம் வந்தது. யாரோ கட்டுரையைப் படம் பிடித்துப் பரப்பியிருக்கிறார்கள். இந்த ஊரே எங்களுடையது, பார் கல்வெட்டை என்று ஒரு பக்கம். இந்த ஊரில் தமிழ்க் கல்வெட்டா, அழி என்று இன்னொரு பக்கம். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை தமிழ்-கன்னடச் சண்டையில் 18 வருஷம் மூடிக் கிடந்ததைத் தினம் பார்த்து வளர்ந்தவன் நான். 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தபோது கூட்டத்தில் நின்றேன். நாலு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையையும் திறந்தார்கள். அதனால் இதெல்லாம் எப்படித் தொடங்கும், எவ்வளவு நாள் இழுக்கும் என்பது எனக்குப் புதுசில்லை. ஆனாலும் நான் கணக்கில் நுழையவில்லை. வீராப்பு விடவில்லை. புகுபதிகை செய்யாமல், திருட்டுத்தனமாக, பஸ்ஸில் நின்றபடி வரலாற்றுப் பக்கத்தை மட்டும் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு தடவையும் அவர் பெயர் அங்கே இருந்தது. கன்னடக் கல்வெட்டை அழித்தால் திரும்ப வைத்தார். தமிழ்க் கல்வெட்டை அழித்தால் திரும்ப வைத்தார். இதைச் செய்தவர்கள் வேறு சிலரும் உண்டு, மேலே நன்றி சொல்லிவிட்டேன்.

ஆறாம் நாள் ஒரு பெயரில்லாத ஆள் வந்து, வேறு எதையும் தொடாமல், கட்டுரை முழுக்க டொம்ளூரைத் தொம்லூர் ஆக்கிவிட்டுப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவுதான், ஐயா இதைத் தொட மாட்டார், அவர் கேட்டதுதானே நடந்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் பார்க்காத மாதிரி இருந்திருப்பேன். சத்தியமாக.

மறுநாள் காலை பஸ்ஸில் பார்க்கிறேன், 21:12க்கு அவருடைய தொகுப்பு. அது ஒருங்கிணைந்த உலக நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நமக்கு ராத்திரி 2:42. எனக்காகக் கண்விழித்தாரே என்று ஒரு நிமிடம் உருகிவிட்டு, அப்புறம்தான் கணக்குப் போட்டேன், அங்கே அது மாலை நேரம். பரவாயில்லை. தொகுத்தல் சுருக்கத்தில் இப்படி இருந்தது:

"தலைப்புப் பற்றிய உரையாடல் முடியவில்லை. அவர் திரும்பி வரும்வரை அவர் எழுதியபடியே இருக்கட்டும்."

வேறுபாட்டைத் திறந்து பார்த்தேன். ஒரே சொடுக்கில் மீளமைக்க முடியாத நிலை. இடையில் கல்லூரித் தங்கை பல எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தாள், மீளமைத்தால் அவள் உழைப்பும் போய்விடும். அதனால் மனுஷர் ஒவ்வொன்றாகக் கையால் தட்டியிருக்கிறார். இடப்பக்கம் தொம்லூர், வலப்பக்கம் டொம்ளூர். எண்ணினேன், பதினாலு இடம். தன் இலக்கணத்துக்கே ஒவ்வாது என்று அவர் வாரக்கணக்கில் வாதாடிய எழுத்தைப் பதினாலு தடவை தன் விரலாலேயே அடித்திருக்கிறார். அதில் ஒன்பதாவது இடத்தில் பழக்கதோஷத்தில் ரொம்ளூர் என்று விழுந்துவிட்டது. அடுத்த நிமிடமே இன்னொரு தொகுப்பு. சுருக்கத்தில், "கை தவறிவிட்டது." டொம்ளூர்.

எழுத்துக்கு எழுத்து மாற்றியதால் கட்டுரையின் அளவைக் காட்டுகிற பைட்டுக் கணக்கு மாறவில்லை. வரலாற்றுப் பட்டியலில் அந்த இரண்டு தொகுப்புக்கும் நேராகச் சாம்பல் நிறத்தில் 0 என்றுதான் இருக்கிறது. பார்த்துக்கொண்டே மாரத்தஹள்ளியைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. இத்தனை வருஷமாக அவரோடு சண்டை போட்டதில் நான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டது அவர் எந்த எழுத்தை எங்கே போடுவார் என்பதை மட்டும்தான். அவர் என்னைப் பற்றி, நான் திரும்பி வருவேன் என்பதைத் தெரிந்துவைத்திருக்கிறார். எனக்கே தெரியாத விஷயம் அது. விடுப்புப் பலகையை மாட்டும்போது உண்மையிலேயே போய்விடுவதாகத்தான் இருந்தேன். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரை இருக்கிற இடத்தில் ஒருத்தன் போனால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ராத்திரியே புகுபதிகை செய்து அவருடைய பேச்சுப் பக்கத்தில் நீளமாக ஒரு மன்னிப்பு எழுதினேன். எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. காலையில் பதில் வந்திருந்தது.

"வணக்கம். வந்தது மகிழ்ச்சி. ஓம், எனக்கும் அன்றைக்கு மனம் கொஞ்சம் நொந்ததுதான். அதை விடுவோம். என் நாலாவது கருத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை."

ஐயா, இந்த இடத்திலிருந்து உங்களுக்கு நேராகவே எழுதிவிடுகிறேன். யாரிடமும் இனி "இந்த ஊரில் இருந்திருக்கிறீர்களா" என்று கேட்க மாட்டேன். இது ஒன்று. கல்லைப் பார்க்காமல் கல்வெட்டைப் பற்றிச் சண்டை போட மாட்டேன். இது இரண்டு. இரண்டாவதைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் எல்லார் முன்னாலும் எழுதி வைக்கிறேன். தலைப்பில் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அங்கே பூ விற்கிற அம்மாவைக் கேட்டாலும் டொம்ளூர் என்றுதான் சொல்லும். பேசுவோம்.

ஊர்ப்பெயர் வருகிற வரியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, விக்கிகளுக்குப் பொதுவான படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றச் சொல்லியிருந்தீர்கள். அர்ச்சகரிடம் கேட்டுவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். டார்ச் எடுத்துக்கொண்டேன். பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன், சாய்த்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ரொறன்ரோவில் அப்போது சனிக்கிழமை ராத்திரி பத்தரை. தூங்கிவிடாதீர்கள், எடுத்த கையோடு ஏற்றுகிறேன்.