கயிற்றை இழுக்க முன்

கொக்கட்டிச்சோலை
ஆனி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. போனில் சொல்லி முடிக்கிற விஷயத்தை நாலு பக்கம் எழுதியிருக்கிறாரே என்று மனிசி சிரித்தாள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, அதனால் நானும் பேனையை எடுத்துவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்தவன் விதைத்துவிட்டான், மற்றவன் மாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். கச்சான் காற்று முற்றத்துப் புழுதியை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. சின்னவளுக்கு வாழைச்சேனைப் பக்கம் மாற்றம் வந்து, விடியாத நேரத்திலேயே பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.

தம்பிலுவில் தென்னங்காணியை நீ திரும்பக் கையில் எடுத்தது நல்ல காரியம். வோட்டர் பம் முற்றத்தில் ஒரே இழுவையில் ஓடுகிறது, கிணற்றடிக்குப் போனதும் செத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். பேய் பிசாசு ஒன்றும் இல்லை, மச்சான். உன் கிணற்றடி சரிவான மணல். இப்போது வருகிற நிறைய இஞ்சின்களில் ஒயில் குறைந்தால் தீப்பொறியை நிறுத்துகிற ஒரு சின்னச் சாமான் உள்ளே இருக்கிறது. இஞ்சின் சரிந்து நின்றால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், அதுவும் ஒயில் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு பலகை போட்டு மட்டமாக வை. குச்சியைத் துடைத்து ஒயில் மட்டத்தையும் பார். பெட்டியில் வருகிற புது இஞ்சின் பலதுக்குள் ஒயிலே இருக்காது, நாம்தான் ஊற்ற வேணும்.

எனக்குப் பயம் பிடித்தது அதற்கு அடுத்த பந்தியில்தான். பக்கத்துக் காணிப் பொடியன் வந்து, காற்று வடியைக் கழற்றி, காற்றும் பெற்றோலும் கலக்கிற கார்பரேற்றர் வாய்க்குள் பெற்றோல் விட்டு இழுத்தானாம், ‘டப்’ என்று சத்தத்தோடு பற்றியதாம். நீ அதைப் பகிடியாக எழுதியிருக்கிறாய். இஞ்சின் திருப்பி அடித்தால் சுவாலை அந்த வாயால்தான் வெளியே வரும். வடி பூட்டியிருந்தால் அது கொஞ்சமாவது தடுக்கும். கழற்றிவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோகிறவனுக்குக் கண் மயிரும் மிஞ்சாது. கையில் திறந்த போத்தல் வேறு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். யுத்த நேரம் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் பற்றாது. அதனால் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி உசுப்பிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அன்றைக்கு அது வழியில்லாதவன் கண்ட வழி. உன் பம்முக்கு அந்த வைத்தியம் தேவையில்லை, குளிர்ந்த இஞ்சின் பற்றுவதற்குக் காற்றைக் குறைக்கிற சோக் என்று ஒன்றைப் பூட்டித்தானே தந்திருக்கிறார்கள்.

சரி, ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் பம்முக்குள் தண்ணீரை நிரப்பி மூடியை இறுக்கு. வெறும் பம்மை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கிற சீல் கருகிவிடும். மறுகா பெற்றோல் பூட்டைத் திற, சுவிச்சைப் போடு, குளிர்ந்த இஞ்சின் என்றால் சோக்கை மூடு, வேகத்தை மூன்றில் ஒரு பங்கில் வை. கயிற்றுப் பிடியை மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் ஓர் இடத்தில் கை கனக்கும். அந்த இடம் வந்ததும் கயிற்றைத் திரும்ப உள்ளே போகவிட்டு, பிறகு ஒரே மூச்சில் நேராக இழு. கயிற்றைக் கையில் சுற்றாதே. இஞ்சின் திருப்பி இழுத்தால் விரல் முறியும். இழுத்து முடிந்ததும் பிடியைக் கைவிடவும் கூடாது, கூடவே கொண்டுபோய் விடு. ஓடத் தொடங்கியதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திற.

நாலைந்து முறை இழுத்தும் பற்றாமல் பெற்றோல் மணம் வந்தால் உள்ளே பெற்றோல் கூடிவிட்டது. சோக்கை முழுக்கத் திறந்து, வேகத்தை முழுக்கக் கொடுத்து இழு. அதற்கும் சரிவராவிட்டால் சுவிச்சை நிறுத்திவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி குடி. ஆத்திரத்தில் இழுக்கிற நேரத்தில்தான் மனிசன் பெற்றோல் போத்தலைத் தேடுவான்.

கிணறு இறைக்கிற விஷயம் இதையெல்லாம் விடப் பெரியது. தண்ணீர் ஆழம் என்றால் பம்மையே கிணற்றுக்குள் இறக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். கணக்குக்குப் பத்து மீற்றர் உறிஞ்சும் என்றாலும் நடைமுறையில் ஏழு எட்டு மீற்றருக்கு மேல் இந்தப் பம் இழுக்காது, அதனால்தான் இறக்குகிறார்கள். இஞ்சின் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கினால் இறங்கியவன் மயங்குவான், அவனைத் தூக்கப் போகிறவனும் மயங்குவான். உன் பக்கம் கடற்கரை மணல், தண்ணீர் மேலேயே நிற்கிறது, உனக்கு அந்த எண்ணமே வரத் தேவையில்லை. ஆனால் சேறு அள்ளக் கூலிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். விடாதே. யாராவது உள்ளே விழுந்துவிட்டாலும் பின்னால் குதிக்கவிடாமல் ஊராரைக் கூப்பிடு. ஜெனரேற்றரும் அப்படித்தான். மாரியில் கரண்ட் போனால் மழைக்குப் பயந்து அதை விறாந்தைக்குள் வைத்து ஓட்டுகிறார்கள், கேட்டால் கதவு திறந்துதானே இருக்கிறது என்கிறார்கள்.

புல்லு வெட்டுகிற மெசினுக்கு ஒயிலைப் பெற்றோலோடே கலக்க வேணும். ஒன்றுக்கு ஐம்பது என்று அதன் புத்தகத்தில் இருந்தால் லீற்றருக்கு 20 மில்லி, ஒன்றுக்கு இருபத்தைந்து என்றால் 40 மில்லி. கலந்த கலனில் பெரிதாக எழுதி ஒட்டு. வெறும் பெற்றோலை அதில் விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தட்டையான தரையில் வைத்து, கத்தி மண்ணிலும் புல்லிலும் படாமல் பார்த்து, ஒரு கையால் அமுக்கிக்கொண்டு இழு. சோக்கில் பற்றும்போது கத்தி சுற்றத் தொடங்கலாம். பேரப்பிள்ளைகள் பதினைந்து மீற்றருக்குள் வரக்கூடாது, கல்லுத் தெறித்தால் தூரம் போகும். கத்தியில் புல் சிக்கினால் நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்கலாம்.

ஓடின சூட்டோடு பெற்றோல் விடாதே. இதை உன் மூத்தவனிடம் பிரத்தியேகமாகச் சொல்லு, அவன் கொஞ்சம் கெதி. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு ஊர்ந்து போய் அடுப்பையும் பீடியையும் தேடிப் பிடிக்கும். ஆறவிட்டு ஊற்று, கழுத்து மட்டும் நிரப்பாதே, சிந்தியதைத் துடைத்து, கலனை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு இழு. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று பழகியதால் வீட்டில் கலன் கலனாகச் சேர்த்து வைக்கிற புத்தி நமக்கு இன்னும் போகவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வைத்த பெற்றோல் பழுதாகத் தொடங்கும், கார்பரேற்றருக்குள் பிசினாகப் படியும். தேவைக்கு மட்டும் வாங்கு.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் வருவதாக இருக்கிறோம். மனிசி இப்போதே பை கட்டத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் உன் வீட்டில்தான் சாப்பாடு என்று தங்கச்சியிடம் சொல்லு. அந்தப் பொடியனையும் வரச் சொல்லிவை, காற்று வடியைத் திரும்பப் பூட்டினானா என்று பார்க்க வேணும்.

இப்படிக்கு,
உன் மச்சான்