கலிபோர்னியாவின் பவிசு ஊர்கள்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

சன்னிவேல்,
கலிபோர்னியா.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கலிபோர்னியாவில் எந்த ஊர்க்காரர்களுக்குத் தலைக்கனம் அதிகம் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவிலேயே காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்ற தங்களுக்கு இதற்கு முழு நீளப் பதில் எழுதுவதுதான் முறை. ஏனென்றால் இங்கே பவிசு என்பது மனிதர்களின் உடையிலோ பேச்சிலோ அவ்வளவாகத் தென்படுவதில்லை. பெருங்கோடீசுவரர் கசங்கிய டி-ஷர்ட்டோடு கடையில் நமக்குப் பின்னால் வரிசையில் நிற்பார், முகம் மலர்ந்து நலம் விசாரிப்பார். அவருடைய ஊரின் நகராட்சி விதிகளைப் புரட்டிப் பார்த்தால்தான் நம்மை எவ்வளவு தொலைவில் நிறுத்த விரும்புகிறார் என்பது விளங்கும்.

இம்மாநிலத்தில் 480க்கும் மேற்பட்ட நகராட்சிகள் இருக்கின்றன. சில ஆயிரம் பேர் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு நகராட்சியை அமைத்துக்கொண்டால் போதும். மனை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், கடை வைக்கலாமா, அடுக்குமாடி எழுப்பலாமா என்பதையெல்லாம் வெகுகாலமாக அவர்களே தீர்மானித்து வந்தார்கள். நம் தமிழ்நாட்டில் 2019இல் எல்லா ஊர்களுக்கும் பொதுவாக ஒரே கட்டட விதித் தொகுப்பு வந்ததல்லவா, அதற்கு நேர் எதிரான ஏற்பாடு இது.

முதல் மரியாதை ஆதர்டனுக்குத்தான். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஏறத்தாழ 7,000 பேர் வாழும் இச்சிற்றூரின் அஞ்சல் குறியீடான 94027, அமெரிக்காவிலேயே வீட்டு விலை மிக அதிகமான இடம் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பெயர் வாங்கியது. பெரும்பகுதியில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது ஒரு ஏக்கர் மனை வேண்டும், அதாவது நம் கணக்கில் 18 கிரவுண்டு. ஊருக்குள் மளிகைக் கடை கிடையாது, தேநீர்க் கடை கிடையாது, பெரும்பாலான தெருக்களில் நடைபாதையும் கிடையாது. நடந்து போகிறவர் இந்த ஊர்க்காரராக இருக்க முடியாது என்று முடிவு செய்துவிட்டார்கள் போலும். ஒரு ரயில் நிலையம் இருந்தது. 2005இல் வார நாட்களில் ரயில் நிற்பது நின்றது. 2020 டிசம்பரில் நிலையத்தையே மூடிவிட்டார்கள். நம் ஊரில் ரயில் நிற்க வேண்டுமென்று மறியல் செய்வார்கள். இவ்வூர் மன்றமோ நிலையத்தை மூடிக்கொள்ளத் தானே ஒப்புக்கொண்டது.

இந்த ஊர் பிறந்த கதையும் இதே சாயலில்தான் இருக்கிறது. 1923இல் பக்கத்து ஊரான மென்லோ பார்க், இந்தப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு ஒரே நகராட்சியாக விரும்பியதாம். அதைக் கேள்விப்பட்ட பெரிய வீட்டுக்காரர்கள் மாவட்ட அலுவலகத்துக்கு விரைந்து, மென்லோ பார்க் பிரதிநிதிகளைச் சில நிமிடங்கள் முந்தி மனுக் கொடுத்து ஊரைப் பிரித்துக்கொண்டார்கள் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் மாநில அரசு இவர்களை விடவில்லை. ஒவ்வொரு நகராட்சியும் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வீடுகளுக்கு இடம் காட்டித் திட்டம் தர வேண்டும். 2023 முதல் 2031 வரை ஆதர்டனுக்கு விதிக்கப்பட்ட எண்ணிக்கை 348. ஊரே கொதித்தது. அமெரிக்கா இன்னும் நிறையக் கட்ட வேண்டும் என்று 2020இல் முழங்கிக் கட்டுரை எழுதிய பெரும் முதலீட்டாளர் ஒருவர், 2022இல் தம் மனைவியோடு சேர்ந்து, எங்கள் ஊரில் அடுக்குக் குடியிருப்புகளுக்கு இடம் ஒதுக்காதீர்கள் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார். முதல் பந்தியில் உண்டு எழுந்தவர், அடுத்த பந்திக்கு இலை போட வேண்டாம் என்று பரிமாறுபவரிடம் சொல்வதைப் போன்ற செய்கை இது. கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரியும் அவர் மனைவியும் 2023 ஜனவரியில் எழுதினார்கள். தங்கள் வீட்டுக்கு அருகில் வரவிருந்த குடியிருப்பை எதிர்த்துவிட்டு, அது கட்டாயம் வரத்தான் வேண்டுமென்றால் உயரமான வேலியும் மரங்களும் வைத்துத் தர வேண்டுமென்று கேட்டார்கள். பாவம், அவருடைய புகழுக்கு அவர் கேட்டதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. முதலீட்டாளருக்குத்தான் என்னால் சமாதானம் கண்டுபிடிக்க முடியவில்லை.

துணிச்சலில் ஆதர்டனையும் மிஞ்சியது வுட்சைடு. சற்று மேற்கே, மலையடிவாரத்தில், குதிரை லாயங்களும் வானுயர்ந்த ரெட்வுட் மரக் காடுகளுமாக இருக்கும் ஊர் இது. ஒரு வீட்டுக்குரிய மனையை இரண்டாகப் பிரித்து, மொத்தம் நான்கு வீடுகள் வரை கட்டிக்கொள்ள வழிசெய்யும் மாநிலச் சட்டம் 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் வாழிடம் போன்ற சில இடங்களுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த மாத இறுதியிலேயே வுட்சைடு நகராட்சி ஓர் அறிவிப்பு வெளியிட்டது: எங்கள் ஊர் முழுவதும் பூமா என்னும் மலைச்சிங்கத்தின் வாழிடமாகும், ஆகவே இங்கு எந்த விண்ணப்பத்தையும் ஏற்பதற்கில்லை. ஒரே வீடாக எத்தனை பெரிய மாளிகை கட்டினாலும் பூமாவுக்கு மனவருத்தமில்லை, அதே இடத்தில் இரண்டு சிறிய வீடுகள் வந்தால்தான் அது தாங்காது! நாடே சிரித்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் எச்சரித்துக் கடிதம் அனுப்பினார். சில நாட்களிலேயே நகராட்சி பின்வாங்கியது. தங்கள் பணிக்காலத்தில் எத்தனையோ விதமான மறுப்புக் காரணங்களைக் கோப்புகளில் பார்த்திருப்பீர்கள், இப்படியொன்றைப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஹில்ஸ்பரோவில் சண்டை வேறு விதம். அங்கே கடைகளே கிடையாது. அரை ஏக்கருக்குக் குறைந்த மனையும் கிடையாது. நெடுஞ்சாலையில் போகும்போது கண்ணில் படும்படி, உருண்டை உருண்டையான கூரைகளோடு குகை போன்ற ஒரு வீடு 1976இல் அங்கு கட்டப்பட்டது. 2017இல் அதை வாங்கிய மூதாட்டி, தோட்டமெங்கும் ஆளுயரத்தையும் மிஞ்சிய டைனோசர் சிலைகளை நிறுத்தினார். அனுமதி பெறவில்லை, பார்வைக்கு உறுத்துகிறது என்று நகராட்சி 2019இல் வழக்குத் தொடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சமரசம் ஏற்பட்டபோது சிலைகள் அப்படியே நின்றன, நகராட்சிதான் அவருக்கு 1,25,000 டாலர் கொடுத்தது. இந்தக் கடிதத்தில் வரும் வழக்குகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பாலோ ஆல்டோவைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது படித்தவர்களின் ஊர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பக்கத்தில். தாராள மனப்பான்மையை அறிவிக்கும் பலகைகளை வீட்டு முன்புறத்தில் நட்டு வைத்திருப்பார்கள். அதே ஊரில் 1,400 ஏக்கர் பரப்புள்ள மலையடிவாரப் பூங்கா ஒன்று, 1965இல் திறந்ததிலிருந்து 2020 டிசம்பர் வரை, ஊர்வாசிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வாயிலில் அடையாள அட்டை காட்ட வேண்டும். வெளியூர்க்காரர் தனியே நுழைந்தால் அது சட்டப்படி குற்றம். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: நிலத்தை வாங்கும்போது அண்டை ஊர்கள் செலவில் பங்கு தர மறுத்துவிட்டன. அந்தக் கோபம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆறாமல் இருந்து, கடைசியில் மனித உரிமை அமைப்புகள் வழக்குப் போட்ட பிறகே கதவு திறந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் போகலாம். நாங்களும் போனோம். நல்ல காற்று, சிறிய ஏரி, நிறைய மான்கள்.

தெற்கே லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துச் செய்திகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரோலிங் ஹில்ஸ் என்ற ஊருக்கு ஊர் முழுவதற்குமாக வாயிற்கதவும் காவலும் உண்டு. உள்ளே எல்லா வீடுகளும் ஒரே தளமாக, வெள்ளை வண்ணத்தில்தான் இருக்க வேண்டும், குதிரை வளர்க்காதவரும் லாயத்துக்கு இடம் விட்டிருக்க வேண்டும். மாலிபுவில் ஈர மணல் பொதுமக்களுக்கே சொந்தம் என்பது சட்டம். அதனால் அங்குள்ள சிலர், வண்டி நிறுத்த முடியாதபடி, பின்னால் கொட்டகையே இல்லாத பொய்யான கார்க் கொட்டகைக் கதவுகளைச் சாலையோரம் வைத்தார்கள். கடலைத் தடுக்க முடியாதவர்கள் காரைத் தடுத்தார்கள். பெவர்லி ஹில்ஸ் பற்றித் தாங்களே அறிவீர்கள். உயர்நிலைப் பள்ளிக்கு அடியில் சுரங்க ரயில் போகக் கூடாதென்று ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியது மட்டும் புதிய செய்தியாக இருக்கலாம்.

கடற்கரை ஊரான கார்மெலின் பவிசு மட்டும் எனக்குக் கோபமூட்டுவதில்லை. ஓவியர்களும் எழுத்தாளர்களும் குடியேறி, 1916இல் நகராட்சியான ஊர் அது. நகரமாக மாறிவிடக் கூடாது என்பதே அவர்கள் கொள்கை. குடியிருப்புத் தெருக்களில் விளக்கு இல்லை, வீடுகளுக்கு வெகுகாலமாகக் கதவிலக்கமும் இருந்ததில்லை. இன்ன தெருவில், இன்ன குறுக்குத் தெருவுக்குத் தெற்கே, மேற்குப் பக்கம் மூன்றாவது வீடு என்றுதான் முகவரி சொல்வார்கள். கடிதங்களை ஒவ்வொருவரும் அஞ்சலகத்துக்குப் போய் வாங்கிக்கொள்வார்கள். வெளியூர்ச் செல்வந்தர்கள் வந்து குவிந்த பிறகு இந்த எளிமையே ஒரு பெரிய ஆடம்பரமாகிவிட்டது. 2024இல்தான், ஆம்புலன்சு வழி தேடி அலையக் கூடாது என்ற கவலையும் சேர்ந்து, இலக்கம் கொடுக்க நகர மன்றம் முடிவெடுத்தது, அதுவும் பலத்த எதிர்ப்புக்கு நடுவே. இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்ந்த, மெல்லிய குதிகால் செருப்பு அணிய அங்கே நகராட்சியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று 1963ஆம் ஆண்டு விதியொன்று உள்ளது. மரவேர்கள் தூக்கிவிட்ட நடைபாதையில் தடுக்கி விழுபவர்கள் வழக்குப் போடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. சீட்டு இலவசம். சுற்றுலா வருபவர்கள் நினைவுப் பொருளாக வாங்கிப் போகிறார்கள். நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் 1986இல் அங்கே நகரத் தலைவராகி, ஐஸ்கிரீம் விற்பனைக்குத் தடையாக இருந்த விதியைத் தளர்த்தினார். திரையில் துப்பாக்கி ஏந்தியவர் ஐஸ்கிரீமுக்காகப் போராடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தாங்களும் பெரியம்மாவும் வரும்போது முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன்.

நம்மவர்களைப் பற்றியும் எழுதாவிட்டால் கடிதம் நேர்மையாக இருக்காது. ஆதர்டனில் மனை வாங்க நம்மில் அநேகருக்கு வழியில்லை, அதனால் எங்கள் பவிசு பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. பொங்கல் விழாவில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் சொந்த ஊர் தஞ்சாவூரா திருநெல்வேலியா என்பது முதல் கேள்வி. பிள்ளைகள் எந்தப் பள்ளி மாவட்டம், அதாவது வீட்டு முகவரியை வைத்து எந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளில் இடம் கிடைக்கிறது என்பது இரண்டாவது. கூப்பர்டினோ என்று பதில் வந்தால் கேட்டவர் தலை தானாக அசையும். இதில் வேடிக்கை என்னவென்றால், சன்னிவேலின் ஒரு பகுதி கூப்பர்டினோ பள்ளி மாவட்டத்தில் அடங்கும், மற்றது அடங்காது. எங்கள் தெருவே எல்லை. ஒரே காலத்தில், ஒரே அளவில் கட்டிய வீடுகள்தான். ஆனால் விற்பனைக்கு வரும்போது அந்தப் பக்கத்து வீட்டுக்கும் இந்தப் பக்கத்து வீட்டுக்கும் விலையில் இலட்சக்கணக்கான டாலர் வித்தியாசம். நாங்கள் எந்தப் பக்கம் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். கூப்பர்டினோ பக்கம்தான், பெரியப்பா. இதை எழுதும்போதே முதுகு சற்று நிமிர்கிறது.

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்