படியேறிக்கொண்டே பேசாதே

அன்புள்ள ராஜாவுக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். மாடித் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது. மற்றதெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை நீ படியேறிக்கொண்டே பேசினாய். அம்மாவிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாய். அம்மா கவனிக்கவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடிப்பது போல இருக்கிறது என்று போன மாதமே பாப்பாவிடம் சொன்னாயாம். அவளைத் திட்டாதே, துருவித் துருவிக் கேட்டது நான்தான்.

26 வயதுப் பையனுக்கு இதயத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். (பொய். முதல் இரண்டு நாள் சித்தப்பாவைத் தவிர வேறு நினைப்பே இல்லை.)

என் பிரஷர் மாத்திரைக்குப் போன சாக்கில் டாக்டரிடம் கேட்டேன். இந்த வயதில் பெரும்பாலும் வேறு காரணங்கள்தான் என்றார். விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்துக் குருத்தெலும்பில் அழற்சி வந்தால் வலிக்குமாம், விரலால் அழுத்தினால் அதே இடத்தில் சுருக்கென்று இருக்கும். நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும், இறுக்கும். ரத்தச்சோகை இருந்தாலும் படியேறினால் இளைக்கும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே போனால் சோகை, சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். பார்த்துக்கொண்டாயா? பார்த்திருக்க மாட்டாய்.

பதற்றத்தாலும் வருமாம். எவ்வளவு இழுத்தாலும் மூச்சு நிறையாதது போல இருக்கும். வேகவேகமாக மூச்சு விடுவதில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல அடங்கும். உனக்குப் பொறுப்பு கூடியதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அந்தப் பொறுப்புதான் நெஞ்சை அழுத்துகிறது என்றால் விட்டுவிடு, ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் எடுத்ததைப் பாதியில் விடுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வெறும் பதற்றம்தான் என்று நீயாக முடிவு கட்டிவிடாதே. மற்றவை இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். டாக்டரிடம் போ.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு முட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காதே. நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கினால் நுரையீரல் சுருங்கிவிடும். உன்னைப் போல நெடுநெடுவென்று ஒல்லியாக இருக்கும் பையன்களுக்கு வருவதுண்டு. புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

போன மாதம் காய்ச்சலில் கிடந்தாயே, அதையும் சொல். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசையிலேயே அழற்சி வரலாம். அது இல்லை என்று தெரியும்வரை ஓட்டம், உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சு வாங்கினாலும், ஓடும்போது மயக்கம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. சித்தப்பாவுக்கு முதல் மயக்கம் ஓடும்போதுதான் வந்தது. வெயில் என்று விட்டுவிட்டோம். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா என்று டாக்டர் கேட்பார். வீட்டில் நாம் பேசுவதில்லை என்பதற்காக அவரிடமும் இல்லை என்று சொல்லிவிடாதே. இசிஜி எடுப்பார்கள். எக்கோவும் வேண்டுமா என்று நீயே கேள்.

சரி, இவ்வளவு எழுதிவிட்டேன், எனக்கு உறுத்துவது இது எதுவும் இல்லை.

ராத்திரி இருமல் வருகிறதா? விடியற்காலையில் இறுக்கம், குளிர்காற்றில் விசில் மாதிரி சத்தம்? சின்ன வயதில் அடங்கிப்போன ஆஸ்துமா பெரியவனானதும் திரும்ப வரலாம். குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்துப் பார்ப்பார்கள். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் பயப்படாமல் எடுத்துக்கொள். அது பழகிப்போய்விடும் என்று உனக்குச் சொல்லி வைத்தவன் நான்தான், அது தப்பு.

போன தடவை நீ வந்தபோது உன் சட்டையில் ஏதோ பழ வாசனை வந்தது. சென்ட் என்றாய். நானும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

உனக்கு ஐந்து வயது. நடுராத்திரியில் இழுப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். வீட்டில் யாராவது புகைபிடிக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பாக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது, அதை மறைக்கத்தான் உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வேறு காரணம் கிடைக்காமல் அவர் தூசியாக இருக்கும் என்றார். அன்றிலிருந்து அம்மா தலையணை உறையை வெந்நீரில் துவைத்தாள், கட்டிலுக்கடியில் தினமும் துடைத்தாள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புகைத்தேன், போதும் என்று நினைத்துக்கொண்டேன். போதாது. வீட்டுப் புகை குழந்தையின் இழுப்பைக் கூட்டும், நுரையீரல் வளர்ச்சியையே குறைக்கும். நான் விட்டபோது உனக்குப் பதினொன்று முடிந்திருந்தது. அதற்குள், பள்ளி ஓட்டப் பந்தயத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டபோது, எதையும் முடிக்க மாட்டாயா என்று எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டும் ஆகிவிட்டது.

மேலே பாதியில் விடுகிற பழக்கம் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை நீ அடித்துவிடு.

இந்த வாரமே போ. சின்ன வயதில் வீட்டில் புகை இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று சொல். எவ்வளவு என்றால், தினம் ஒரு பாக்கெட், பதினோரு வயது வரை. உன்னைப் பற்றி எது கேட்டாலும் உள்ளதைச் சொல், எனக்குச் சொல்ல வேண்டாம். சித்தப்பா விஷயத்தை மறக்காதே. போய்விட்டு வந்து பாப்பாவிடமாவது ஒரு வார்த்தை சொல்.

அப்புறம், படியேறிக்கொண்டே பேசாதே.

அப்பா