செயலாளரின் ஆண்டறிக்கை: கோட்டை அருங்காட்சியகச் சுற்றுலா, சந்தா நிலுவை, பிற

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும். அதையாவது திறந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம், கோலப்போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. மழைநீர் வடிகால் பற்றி மனு கொடுத்தோம், நிலுவையில் உள்ளது.

இந்த ஆண்டின் முக்கியப் பணி புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகச் சுற்றுலா. “ஊருக்குள்ளேயே இருக்கும் கோட்டைக்கு ஒரு சுற்றுலாவா?” என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி நில மானியம் பெற்று 1640இல் எழுப்பிய அந்தக் கோட்டையைச் சுற்றித்தான் இன்றைய சென்னை வளர்ந்தது. தலைமைச் செயலகத்துக்கு மனுவோடு போகிறவர்களில் பலர், அதே வளாகத்தில் இந்திய தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருப்பதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஏன் ஞாயிறு என்று கேட்டவர்களுக்கு விளக்கம்: வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மற்ற வேலை நாட்களில் செயலகக் கூட்டம் இருக்கும்; சட்டமன்றம் கூடியிருந்தால் சோதனை இன்னும் கடுமையாகும். ஆகஸ்ட் முதல் பாதியும் ஒத்துவராது. சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகைக்காக ராஜாஜி சாலையில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஞாயிறுதான். அன்று கல்யாண முகூர்த்தம் இருந்தது என்பதற்குச் செயலாளர் பொறுப்பல்ல.

இனிப் போகிறவர்கள் கவனிக்க: ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். பெரிய பை வேண்டாம். சோதனையில் ஒருவர் பையைக் கொட்டிக் காட்டும் நேரத்தில் பின்னால் வரிசை நின்றுவிடுகிறது. வேன் உள்ளே போகும் என்று நம்பித் திட்டமிடக்கூடாது. கோட்டை ரயில் நிலையத்தில் கூடி நடந்து போவதே எளிது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் தலைகளை எண்ணும்போது சிறுவர்களைத் தனியாக எண்ண வேண்டும். அறிவிப்பில் “மியூசியம்” என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நின்றவர்களும் உண்டு. அறிவிப்பின் முதல் வரியிலேயே கோட்டை என்றுதான் இருந்தது; நகல் கோப்பில் உள்ளது.

அருங்காட்சியகக் கட்டடத்திலிருந்தே தொடங்குவது நல்லது. 1795இல் கட்டி முடிந்தது. வணிகர்கள் கூடி ஏலம் பேசிய இடம். வங்கியும் இங்கே இயங்கியது. 1796 முதல் இதன் கூரைமேல் எண்ணெய் விளக்கு ஏற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். உள்ளே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலையைப் பார்த்ததும் எல்லோரும் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். பார்க்க வேண்டியது பீடத்தை. மைசூர்ப் போரை முடித்த 1792 உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானின் மகன்கள் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. சிலையைச் செய்தவர் தாமஸ் பேங்க்ஸ்.

வாள், துப்பாக்கி வரிசைகளில் நேரத்தைச் செலவழித்துவிட்டால் மற்றவற்றுக்குக் கால் ஒத்துழைக்காது. பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த முதல் ஓப்பியப் (அபினி) போரில் சீனர்களிடம் பிடிபட்ட சென்னை பீரங்கிப் படை அதிகாரி ஆன்ஸ்ட்ரூதரை அடைத்து வைத்த மரக்கூண்டைத் தவறவிடக்கூடாது. ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்கக்கூட இடமில்லாத அளவு அது. 1947 ஆகஸ்ட் 15 அன்று இக்கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடியும் இங்கேதான் காட்சிக்கு இருக்கிறது. முதியவர்கள் களைப்பதற்குள் கொடியைப் பார்த்துவிட்டுப் பிறகு நாணயங்கள், பீங்கான்கள் பக்கம் வருவது நல்லது. ஆள் உயர ஓவியங்களை வேகமாகக் கடந்தாலும் இழப்பில்லை என்பது என் சொந்தக் கருத்து.

வெளியே வந்து தூய மரியாள் தேவாலயத்தையும் சேர்த்தால்தான் பயணம் முழுமை பெறும். 1680இல் திறக்கப்பட்டது. பீரங்கிக் குண்டுக்குத் தாங்க வேண்டும் என்று கூரையை மரமே இல்லாமல் வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். வளாகத்தில் தரையோடு பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை பழைய கல்லறைத் தோட்டத்தை மறைவிடமாகப் பயன்படுத்தியதால், பின்னர் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். சனி, ஞாயிறுகளில் வழிபாடு, திருமணம் நடந்தால் காத்திருக்க நேரும்.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் வந்தவர்கள் பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கும் குறைவு. வேன் வாடகை ஆள் குறைந்ததென்று குறையவில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்கள் மிஞ்சின. முந்தைய இரவு பதினொரு மணிக்குமேல் “மன்னிக்கவும் சார்” என்று செய்தி அனுப்புவது பழக்கமாகிவிட்டது. அவர்களில் சிலர் இரண்டு ஆண்டுச் சந்தாவும் பாக்கி வைத்திருக்கிறார்கள். பெயர் சொல்வது இவ்வறிக்கையின் நோக்கமல்ல. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, அவரவர்க்கே தெரியும்.

வரவு செலவு பொதுவாகத் திருப்திகரம். சுற்றுலாத் தலைப்பில் ஏற்பட்ட சிறு பற்றாக்குறை பொதுநிதியிலிருந்து ஈடுகட்டப்பட்டது. விவரம் தணிக்கையாளர் அறிக்கையில் வரும். பொருளாளருக்கும், ஒலிபெருக்கி தந்து உதவியவர்களுக்கும், மகளிர் அணிக்கும் நன்றி.

வரும் ஆண்டு வேலூர்க் கோட்டை என்று செயற்குழுவில் பேச்சு. அகழி, ஜலகண்டேசுவரர் கோயில், 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம், அரசு அருங்காட்சியகம் எல்லாம் ஒரே இடத்தில். அங்கும் வெள்ளி விடுமுறை. எனவே மறுபடியும் ஞாயிறுதான், இப்போதே சொல்லிவிடுகிறேன். சந்தா பாக்கி இல்லாதவர்களுக்கே இருக்கை, முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்ற தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. அது தோற்றால் வேன் பேசும் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொள்ளலாம். கோப்பை உடனே ஒப்படைக்கத் தயார். பெயர்ப் பட்டியல் கூட்டம் முடிந்ததும் பொருளாளர் மேசையில் இருக்கும். ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கும்.

இவண்,
செயலாளர்