வெளிச்சமும் எடையும் ஒரே சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் ஆங்கிலப் பகுதியில், வெளிச்சமாக்குவது, பாரத்தைக் குறைப்பது என்று இரண்டு பொருளும் தருகிற 'லைட்டன்' என்ற வினைச்சொல்லை விளக்கியிருந்தீர்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசிப் பத்தியில் வந்து கவிழ்த்துவிட்டார் எழுதியவர். வெளிச்சத்துக்கு எடை கிடையாது, அதனால்தான் வெளிச்சத்தைக் குறித்த சொல்லே பாரம் குறைவதற்கும் வந்துவிட்டதாம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தப்பு. எத்தனை பிள்ளைகள் இதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்களோ.

அவை இரண்டு தனித்தனிச் சொற்கள், வேரே வேறு. வெளிச்சத்தைக் குறிக்கும் 'லைட்'டுக்கு லத்தீனில் 'லக்ஸ்' உறவு. எடைக்குரிய 'லைட்'டுக்கு 'லெவிஸ்' உறவு, ரிலீஃப், எலிவேட், லீவர் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே இரண்டும் ஒலியில் ஒட்டிக்கொண்டுவிட்டன, அப்புறம் எழுத்திலும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான் விஷயம். நம்பிக்கை இல்லாதவர்கள் பக்கத்து மொழியான ஜெர்மனைப் பார்க்கலாம்: அங்கே வெளிச்சம் 'லிஷ்ட்', எடை குறைவானது 'லைஷ்ட்', இன்றுவரை இரண்டும் கலக்கவில்லை.

இந்தக் குழப்பத்தை நான் நேரில் பார்த்தது ஒரு போட்டோ திருத்தும் செயலியில். இருட்டாக விழுந்த ஒரு படத்தைச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். மெனுவைத் தமிழுக்கு மாற்றியதும் 'லைட்டன்' இருந்த இடத்தில் 'இலகுவாக்கு' என்று வந்தது. முகம் வெளுக்க வேண்டும் என்று கேட்டால் எடையைக் குறைக்கிறேன் என்கிறதே என்று சிரித்துக்கொண்டே, ஒரு சந்தேகத்துக்குத் தமிழ் அகராதியைத் திறந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. 'இலகு' என்ற தலைப்பு அங்கே இரண்டு முறை இருக்கிறது. ஒன்று 'இலகுதல்', அதாவது ஒளிர்தல், விளங்குதல், 'இலங்கு' என்கிற சொல்லுக்குச் சொந்தம். இன்னொன்று நாம் தினமும் 'இலகுவான வேலை' என்று சொல்கிற இலகு, அது வடமொழி 'லகு'விலிருந்து வந்தது. அந்த 'லகு'வும் ஆங்கிலத்தின் எடைக்குரிய 'லைட்'டும், வடமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான ஒரு தொல்மொழியின் ஒரே வேரின் கிளைகள்! ஆக, ஆங்கிலத்தில் நடந்த அதே விபத்து தமிழிலும் நடந்திருக்கிறது, ஒளிக்கு ஒரு இலகு, எடைக்கு ஒரு இலகு. செயலியை மொழிபெயர்த்தவர் இதெல்லாம் தெரிந்து போட்டிருக்க மாட்டார், குருட்டாம்போக்கில் விழுந்ததுதான், இருந்தாலும் முழுத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (இந்த இலகுவைச் சிலர் 'இளகு' என்று எழுதுகிறார்கள். இளகுவது மெழுகு. அதைத் தனிக் கடிதமாக எழுத வேண்டும்.)

உங்கள் பகுதியில் விட்டுப்போன இன்னும் சில பொருள்களும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் வானம் மின்னினால் 'லைட்டன்' என்றுதான் சொல்வார்கள், 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளிலும் அந்தப் பிரயோகம் இருக்கிறது. நமக்கு மின்னு, மின்னல் மாதிரி அவர்களுக்கு லைட்டன், லைட்னிங். நடுவிலிருந்த 'ஈ' என்ற எழுத்து தேய்ந்துபோய் மின்னல் தனிச் சொல்லாகிவிட்டது. அந்த 'ஈ'யை விடாமல் 'லைட்டனிங்' என்று எழுதினால் மருத்துவத்தில் வேறு அர்த்தம்: பிரசவம் நெருங்கும்போது குழந்தையின் தலை இடுப்புக் கூட்டுக்குள் இறங்க, மேலே அழுத்தம் குறைந்து தாய்க்கு மூச்சு விட லேசாக இருக்குமே, அது. நம் வீடுகளில் 'வயிறு இறங்கிடுச்சு' என்பார்கள். அவர்கள் பாரம் குறைந்ததைச் சொல்கிறார்கள், நாம் இறங்கியதைச் சொல்கிறோம். ஒரே ஒரு எழுத்தை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் கர்ப்பிணி வயிற்றில் மின்னல் அடித்துவிடும்.

பாரம் குறைவதும் இறங்குவதும் ஆங்கிலத்தில் இன்னொரு இடத்திலும் சேர்ந்தே வருகிறது. வண்டியிலிருந்து இறங்குவதற்கு 'அலைட்' என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, அதில் வெளிச்சம் எதுவும் இல்லை. குதிரைமேல் இருந்தவன் இறங்கினால் குதிரைக்குப் பாரம் குறையும், அதிலிருந்து வந்தது. பிறகு குதிரையை மறந்துவிட்டு, கிளையில் பறவை வந்து உட்கார்வதற்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். பெரிய கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக்கொள்ளும் தட்டைப் படகுக்கு 'லைட்டர்' என்று பெயர் வந்ததும் பாரம் குறைப்பதால்தான், சிகரெட் பற்ற வைக்கிற லைட்டருக்கும் அதற்கும் எழுத்தில் மட்டும்தான் ஒற்றுமை.

நுரையீரலை ஆங்கிலத்தில் 'லங்' என்கிறோமே, அதுவும் எடை குறைவான உறுப்பு என்பதால் அதே எடை வேரிலிருந்து வந்த பெயர், ரஷ்ய மொழியிலும் நுரையீரலுக்கு 'லேசானது' என்றே பெயர். நாம் எடையைப் பார்க்காமல் நுரையைப் பார்த்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறபோது இவ்வளவும் வேண்டாம்தான். ஆனால் 'லைட்டன்' என்று கண்டதும் தமிழில் ஒரே சொல்லைத் தூக்கி வைக்காதே என்றாவது சொல்லலாமே. கிழக்கு வெளுக்கிறது, சுமை குறைகிறது, மனசு லேசாகிறது, தலைமுடியின் நிறம் மங்குகிறது, நான்குக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே வினை போதும், நமக்கு நான்கு வேண்டும். 'லைட்டன் அப்' என்று யாராவது சொன்னால் அதற்கு விளக்கைப் போடு என்று அர்த்தமில்லை, இவ்வளவு இறுக்கமாக இருக்காதே என்று அர்த்தம். உங்கள் பகுதியில் அதற்கு 'ஒளியேற்று' என்று போட்டிருந்ததைப் பார்த்து நான் அப்படித்தான் ஆகிவிட்டேன், சிரித்துவிட்டேன்.

எடை இல்லாத வெளிச்சம் என்ற அந்தக் கடைசிப் பத்திக்கு மட்டும் அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். மூன்று வரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்