காற்று ஓய்ந்த பிறகு வரும் நாட்கள்: வட பிரித்தானியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், ஆலய அறங்காவலர் சபைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நோர்தம்பர்லாந்தின் உட்புறக் கிராமம் ஒன்றில் பல ஆண்டுகளாக வாழ்ந்து, முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாகப் பணியாற்றி வருகிறேன். குளிர்காலம் தொடங்குமுன் நீங்கள் கூடும் நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். பொங்கல் விழாவுக்கு மண்டபம் எடுப்பது பற்றிப் பேசும் அதே கூட்டத்தில், பெரும் புயல் ஒன்று அடித்துப் பல நாள் மின்சாரம் இல்லாமற் போனால் நம் முதியவர்களை யார் போய்ப் பார்ப்பது என்பதையும் பேசி முடிவெடுக்க வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான். அதன் காரணத்தைச் சொல்லத்தான் சற்று இடம் தேவைப்படுகிறது.

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. அர்வென் என்று பெயரிடப்பட்ட புயலுக்காக, ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையோரத்துக்கும் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத்துக்கும் பிற்பகல் மூன்று மணியிலிருந்து மறுநாள் அதிகாலை இரண்டு மணிவரை வானிலை அலுவலகம் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. எங்கள் கிராமம் அந்தச் சிவப்புப் பட்டைக்கு வெளியே, அதற்கு அடுத்த நிலையான செம்மஞ்சள் எச்சரிக்கைப் பகுதியில் இருந்தது. சிவப்பு என்றால் அது கடற்கரைக்காரரின் பாடு என்று எண்ணி நான் வழக்கம்போல வேலை முடிந்து வந்து உலை வைத்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஏழு மணியளவில் விளக்குகள் இருமுறை மங்கி, பிறகு அணைந்தன. ஆல்னிக் என்று எழுதி ஆனிக் என்று உச்சரிக்கப்படும் எங்கள் பக்கத்து நகருக்கு அருகே, பிரிஸ்லி வூட் என்னும் இடத்தில், அன்றிரவு மணிக்கு 98 மைல், அதாவது ஏறத்தாழ 158 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசியதாகப் பின்னர் அறிந்தோம்.

என்னுடன் இருந்த அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கி, 900க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சூறாவளியை நேரில் கண்டவர். ஆகவே அந்த இரவில் எங்கள் வீட்டில் பதறாதவர் அவர் ஒருவர்தான். ஒரு வாரத்துக்கு முன் கார்த்திகை விளக்கீட்டுக்கு ஏற்றிக் கழுவி வைத்திருந்த சிட்டி விளக்குகளைத் தேடியெடுத்துத் திரி போட்டவரும் அவரே. நள்ளிரவுக்குப் பிறகு காற்று சிறிது தணிந்தபோது, கூரையைப் பார்க்க எழுந்த என் கையைப் பிடித்து, “புள்ள, காத்து நிண்டாலும் வெளியால போகாத, மறுபக்கத்தால திரும்பி வரும்” என்றார். சூறாவளியின் கண் தலைக்கு மேலே கடந்துபோகும்போது ஏற்படும் அமைதியை அவர் அறிவார். அந்த அமைதியை நம்பி வெளியே இறங்கியவர்களை மறுபக்கக் காற்று அள்ளிக்கொண்டு போனதையும் அறிவார். இந்த நாட்டுப் புயல் அப்படித் திரும்பி வருவதில்லை. ஆனால் காற்று நின்றுவிட்டது என்பதாலேயே ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணாதே என்று அவர் சொன்னது, அவரும் நானும் நினைத்திராத வேறொரு பொருளில் உண்மையாயிற்று.

வழக்கமாக இங்கு குளிர்காலப் புயல்கள் அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வரும். காற்று தென்மேற்கிலோ மேற்கிலோ இருந்து வீசும். நூறு, இருநூறு ஆண்டு நின்ற மரங்களெல்லாம் அந்தத் திசைக்கு ஈடுகொடுக்கவே வேரூன்றி வளர்ந்தவை. அர்வெனின் தாழமுக்கம் ஸ்கொட்லாந்துக்குக் கிழக்கே வடகடல் வழியாகத் தெற்கு நோக்கி இறங்கியதால் காற்று வடக்கிலிருந்து வந்தது. வேர்கள் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்த அந்த அடியில் பிரித்தானியாவெங்கும் ஏறத்தாழ 1.6 கோடி மரங்கள் சாய்ந்தன என மதிப்பிடப்பட்டது. உயிரிழந்த மூவரும் மரம் விழுந்தே இறந்தார்கள். சாய்ந்த மரங்களில் பல மின்கம்பிகளின் மேலும், அந்தக் கம்பிகளைச் சரிசெய்யப் போக வேண்டிய வீதிகளின் மேலும் கிடந்தன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இல்லங்கள் மின்சாரத்தை இழந்தன. பெரும்பாலானவற்றுக்கு அது விரைவில் திரும்பிவிட்டது; ஏறத்தாழ நான்காயிரம் இல்லங்களோ ஒரு வாரத்துக்கு மேல் இருளில் இருந்தன. டர்ஹம் மாவட்டத்திலும் அபர்டீன்ஷயரிலும் இராணுவத்தினர் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர்கள் நலமா என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. போரைக் கண்டு வந்த நமக்கு, சீருடைக்காரர் கதவைத் தட்டுவது வேறொன்றை நினைவூட்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் தெரியாத ஒரு முதியவர் அந்தக் கதவைத் திறப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் ஐந்தாம் நாள், புதன்கிழமை பிற்பகல்தான் வந்தது. அந்த ஐந்து நாட்களில் நான் கற்றுக்கொண்டதையே உங்கள் முன் வைக்கிறேன். ஊரில் மின்சாரம் போனால் விளக்கும் மின்விசிறியும் போகும். விறகடுப்பு எரியும், கிணற்றில் வாளி இறங்கும். இங்கே வீட்டைச் சூடாக்கும் பொயிலர் எண்ணெயில் எரிந்தாலும் வாயுவில் எரிந்தாலும், அதைப் பற்றவைப்பதும் சுடுநீரை ரேடியேட்டர்களுக்குத் தள்ளுவதும் மின்சாரமே. தொட்டி நிறைய எண்ணெய் இருக்க, நாங்கள் குளிரில் உறைந்துகொண்டிருந்தோம். ஞாயிறு காலை சமையலறைச் சுவரில் இருந்த வெப்பமானி ஏழு பாகை காட்டியது. அம்மா இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு மேல் என் குளிரங்கியையும் போட்டுக்கொண்டு, எனக்குக் குளிரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயதானவர்களின் உடல் குளிரை உணர்த்தாமலே தளர்ந்துபோகும் என்பது என் தொழிலில் நான் நாள்தோறும் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பாடம். வீட்டில் அதை இரண்டாம் நாள்தான் கவனித்தேன். அவர் பேச்சு மெதுவாகியிருந்தது.

ஏன் வேறிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். போயிருப்போம். கைத்தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரிகள் முதல் இரவிலேயே தீர்ந்துவிட, நான் ஒவ்வொரு நாளும் காரில் ஒரு மேட்டுக்குப் போய் அங்கே கிடைத்த சிறு அலைவரிசையில் மின்விநியோக நிறுவனத்தை அழைத்தேன். இன்றிரவு பத்து மணிக்கு வந்துவிடும் என்ற பதிவுக்குரலே ஒவ்வொரு நாளும் கிடைத்தது. இன்றிரவு வந்துவிடும் என்று நம்பியே நான்கு இரவுகளைக் கழித்தோம். இது எங்கள் அனுபவம் மட்டுமன்று. எரிசக்தி ஒழுங்காற்று அமைப்பான ஒஃப்ஜெம் 2022 ஜூனில் வெளியிட்ட இறுதி அறிக்கையும், மின்சாரம் திரும்பும் நேரம் பற்றிப் பலருக்குத் தவறான தகவல் தரப்பட்டதைக் குறையாகச் சுட்டியது. பிற்பாடு இழப்பீடு கிடைத்தது; அப்போதிருந்த 700 பவுண் உச்சவரம்பும் அந்தப் புயலுக்காக நீக்கப்பட்டது. பணம் வந்ததைப் பற்றி எனக்குக் குறையில்லை.

எங்களைக் காப்பாற்றியவர் அடுத்த வளவில் தனியே வசிக்கும், எண்பதைக் கடந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர். அவர் வீட்டில் நிலக்கரியில் எரியும் பழைய இரும்பு அடுப்பு இருந்தது. செம்புக்கம்பியில் இயங்கும், சுவரில் செருகினாலே போதுமான பழைய தொலைபேசியும் இருந்தது. எங்கள் வீட்டுத் தொலைபேசி இணையத்தின் வழியே இயங்குவது. மின்சாரத்தோடு அதுவும் செத்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து அம்மா பகல் முழுவதும் அவர் அடுப்பருகே இருந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினார்கள். செம்புக்கம்பியில் இயங்கும் அந்தப் பழைய தொலைபேசிச் சேவை 2027 ஜனவரியோடு நிறுத்தப்படவிருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பலவீனமான நிலையிலுள்ள வாடிக்கையாளர்களுக்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணிநேரமாவது அவசர அழைப்பு எடுக்க வழிசெய்து தர வேண்டியது தொலைபேசி நிறுவனங்களின் கடமை. கேட்டால் ஒரு பற்றரிப் பெட்டி தருவார்கள். கேட்க வேண்டும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

இனி, உங்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல். அந்த ஐந்து நாட்களில் நான் மேட்டில் நின்றபோதெல்லாம் என் வட்ஸ்அப்பில் வந்து குவிந்தவை சங்கக் குழுவின் செய்திகள். சாய்ந்த மரங்களின் படங்கள் வந்தன. கைகூப்பிய சின்னங்கள் வந்தன. அந்த வாரத் தமிழ் வகுப்பு நடைபெறுமா என்ற விவாதம் வந்தது. யார் வீட்டில் மின்சாரமில்லை, அவ்வீட்டில் வயோதிபர் இருக்கிறாரா, குழந்தை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லுள்ளம் இல்லாமல் அல்ல. யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலே எவரிடமும் இருக்கவில்லை. சந்தா செலுத்தியோர் பட்டியல் மட்டும் இருந்தது.

நீங்கள் நகரத்தார், உங்கள் உறுப்பினர்களும் நியூகாசிலிலும் கிளாஸ்கோவிலும் இருப்பவர்கள், அங்கே சில மணிநேரத்தில் மின்சாரம் வந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். நேற்றுவரை அது ஓரளவுக்குச் சரி. 2022இல் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறக்கப்பட்ட பிறகு, ஊரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த இளம் குடும்பங்கள் வாடகை குறைந்த சிற்றூர்களிலும் மலையடிவாரங்களிலும் குடியேறியுள்ளன. அவர்களில் பலர் ஒரு முதியவர் வீட்டிலிருந்து மற்றொரு முதியவர் வீட்டுக்கு இரவில் தனியே கார் ஓட்டிப் போகும் வேலையில் இருக்கிறார்கள். அர்வெனுக்கு இரண்டு மாதம் கழித்து, 2022 ஜனவரி இறுதியில், மாலிக், கொரி என்னும் இரு புயல்கள் அடுத்தடுத்த நாட்களில் வந்து வடகிழக்கு ஸ்கொட்லாந்தை மீண்டும் இருளாக்கின. 2025 ஜனவரி 24 அன்று எயோவின் புயல் வந்தபோது, அதற்கு முந்திய நாளே ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஏறத்தாழ 45 இலட்சம் மக்களின் கைத்தொலைபேசிகள் அரசின் அவசர எச்சரிக்கையால் அலறின. அந்த அலறலைக் கேட்டுப் பயந்து தொலைபேசியை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார் என் உறவினர் ஒருவரின் மாமனார். செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. ஒலி மட்டுமே அவருக்கு விளங்கியது.

ஆகவே நான் கேட்பவை இவை. பிரையாரிட்டி சர்விசஸ் ரெஜிஸ்டர் எனப்படும் முன்னுரிமைச் சேவைப் பதிவேடு ஒன்றை மின்விநியோக நிறுவனங்கள் பேணுகின்றன. ஓய்வூதிய வயதினர், வீட்டில் மருத்துவக் கருவி பயன்படுத்துவோர், சிறு குழந்தை உள்ளவர்கள் அதில் இலவசமாகப் பதியலாம். ஆங்கிலம் நன்கு பேசவோ வாசிக்கவோ தெரியாதவர்களும் பதியலாம் என்பதை நான் ஐந்து நாள் இருளில் இருந்த பிறகே அறிந்தேன். ஒக்டோபரில் கடிகாரத்தைப் பின்வைப்பதற்கு முந்திய ஏதாவதொரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரிடமும் பேரன் பேத்தியோடு வரும் தாத்தா பாட்டிகளிடமும் இரண்டு இளைஞர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்து அந்தப் பதிவைச் செய்து கொடுக்கட்டும். அன்றே உங்களுக்கென ஒரு பட்டியலும் எழுதப்படட்டும்: எந்த ஊர், வீட்டில் யார் யார், அருகில் கார் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் எது. அதைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். மின்சாரம் போன பிறகு கூகுள் ஆவணத்தால் பயனில்லை.

எச்சரிக்கை நிறங்களின் பொருளையும், மின்தடைக்கு அழைக்க வேண்டிய இலக்கம் 105 என்பதையும் ஒரு பக்கத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுமாறு எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். நிறம் காற்றின் வேகத்தை மட்டும் குறிப்பதில்லை, விளையக்கூடிய பாதிப்பையும் அதன் நிகழ்தகவையும் சேர்த்தே குறிக்கிறது. செம்மஞ்சள் என்பது தப்பித்துவிட்டோம் என்பதற்கான அடையாளமன்று. இன்னொன்றையும் அதில் தடித்த எழுத்தில் போடுங்கள். குளிர் தாங்காமல் பாபிகியூக் கரியடுப்பையோ முகாமுக்குக் கொண்டுபோகும் வாயு அடுப்பையோ வீட்டுக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஊரில் ஓலைக் குசினியில் புகை தானே வெளியேறிப் பழகிய நமக்கு, காற்றுப் புகாத இந்த வீடுகளின் ஆபத்து எளிதில் உறைப்பதில்லை. மூன்றாம் இரவு நானே கரி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆலயங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களிடம் பெரிய பாத்திரங்களும் வாயு அடுப்புகளுள்ள மடைப்பள்ளியும் இருக்கின்றன. நூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். நகரத்தில் மின்சாரம் இருக்கும் நாளில், கிராமத்தில் இல்லாதவர்களை இரண்டு மூன்று நாள் தங்கவைக்கும் இடமாக உங்கள் மண்டபத்தை அறிவிக்க முடியுமா என்று உள்ளூராட்சி மன்றத்தோடு முன்கூட்டியே பேசிவையுங்கள். புயலடித்த அன்று பேசப் போனால் தொலைபேசியை எடுக்க அங்கே ஆள் இருக்காது.

ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை நான் எழுதி வைத்திருக்கிறேன். எந்த அமைப்பு கேட்டாலும் தருவேன், உங்கள் பெயரிலேயே வெளியிடலாம். பதிவு நாளன்று நோர்தம்பர்லாந்து, டர்ஹம் பக்கம் எங்கு அழைத்தாலும் வருவேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். சிட்டி விளக்குக்குத் தேங்காயெண்ணெயை விட நல்லெண்ணெயே குளிரில் உறையாமல் எரியும் என்பதைக் குறிப்பில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டார், சேர்த்துவிட்டேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

நோர்தம்பர்லாந்தில் வாழும் ஒரு தாதி