தொடக்க ஸ்கிரிப்டை டாஷில் ஓட்டிப் பார்த்து வெளியிடுங்கள்: பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் அண்மை வெளியீட்டில் சேவையைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களில் ஓடவில்லை என்று பலர் பிழையறிக்கை கொடுத்ததும், “எங்களிடம் சரியாகவே ஓடுகிறது” என்ற ஒற்றை வரியோடு நீங்கள் அவற்றை மூடிவிட்டதும் உங்களுக்கே தெரியும். அந்த வரிதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

உங்களிடம் ஓடுவதில் வியப்பில்லை. ஸ்கிரிப்டின் கட்டளைகளைப் படித்து ஓட்டுவது ஷெல் என்ற நிரல். ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கலில் அதை எஸ்எச் (sh) என்ற பொதுப்பெயரில் அழைத்தால் வருவது பேஷ். டெபியன் குடும்பத்தில் வருவது டாஷ் என்ற வேறொரு ஷெல். இது நேற்று வந்த மாற்றமா? உபுண்டு 2006இல், 6.10 பதிப்பிலேயே டாஷுக்கு மாறிவிட்டது. டெபியன் 2011இல் ஸ்க்வீஸ் பதிப்போடு மாறியது. உங்கள் ஸ்கிரிப்டோ முதல் வரியில் எஸ்எச்சைக் கேட்டுவிட்டு, நடுவில் கட்டளை விருப்பங்களை பேஷ் அணியாக, அதாவது ஒரே பெயரில் பல மதிப்புகள் கொண்ட பட்டியலாக, அடுக்குகிறது. டாஷுக்கு அணி தெரியாது. அணியின் அடைப்புக்குறியைக் கண்டதும் தொடரியல் பிழை என்று நின்றுவிடும்.

நிற்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஏன் நின்றது என்பதையும் மறைத்துவிட்டீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பிழைச் செய்திகள் அனைத்தையும் டெவ்-நல் என்ற, எதைப் போட்டாலும் மறைந்துவிடும் குப்பைத்தொட்டிக்குத் திருப்பிவிடும் வரி ஒன்று இருக்கிறது. டாஷ் கோப்பு முழுவதையும் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை; ஒவ்வொரு கட்டளையாகப் படித்து அவ்வப்போதே ஓட்டுகிறது. ஆகவே முதலில் அதன் வாய் அடைக்கப்படுகிறது. பிறகுதான் பிழை நேர்கிறது. வரி எண்ணோடு அது சொல்ல வந்த செய்தி எந்த லாகிலும் கிடைக்காது. அது விட்டுச்செல்வது தோல்வியைக் குறிக்கும் 2 என்ற எண் மட்டுமே. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்த எண்ணுக்குத் தன் வழக்கப்படி ‘இன்வாலிட் ஆர்கியுமென்ட்’ (தவறான உள்ளீடு) என்று பெயர் சூட்டிக் காட்டுகிறது.

இதைப் படிக்கும் நிர்வாகி எங்கே போய்த் தேடுவார்? கட்டமைப்புக் கோப்பில்தான். நானும் அங்கேதான் தேடினேன். சர்வர் மறுதொடக்கம் ஆனபின் சேவை எழவில்லை. சிஸ்டம்டி திரும்பத் திரும்ப முயன்று, 10 நொடிக்குள் 5 முறை என்ற இயல்பான வரம்பைத் தொட்டதும் கைவிட்டது. இதைச் சார்ந்திருந்த மற்றச் சேவைகளும் கூடவே படுத்துவிட்டன. அந்த இரவு கட்டமைப்புக் கோப்பை வரிவரியாக அலசினேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஸ்கிரிப்டை பேஷ் கொண்டு கையால் ஓட்டினால் சேவை ஒழுங்காக எழுகிறது; சிஸ்டம்டி வழியாகத் தொடங்கினால் விழுகிறது. கோப்பு அனுமதியா, பயனர் கணக்கா, சூழல் மாறியா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுச் சோதித்தேன். கடைசியில் டாஷுக்கு ‘மைனஸ் என்’ (-n) என்ற விருப்பத்தைக் கொடுத்துத் தொடரியலை மட்டும் பார்க்கச் சொன்னபோது, கண்ணிமைக்கும் நேரத்தில் வரி எண்ணோடு விடை வந்தது.

கண்ணிமைக்கும் நேரம். வெளியீட்டுக்கு முன் நீங்கள் செலவிட்டிருக்க வேண்டியது அவ்வளவுதான். எனவே என் கோரிக்கை இது: தொடக்க ஸ்கிரிப்டை டாஷில் ஓட்டிப் பார்த்த பிறகு வெளியிடுங்கள். தொடரியல் சோதனை மட்டும் போதாது. பேஷில் நிபந்தனை எழுதப் பயன்படும் இரட்டைச் சதுர அடைப்புக்குறியை டாஷ் ஒரு கட்டளைப் பெயராகவே எடுத்துக்கொள்ளும். ஓடும்போதுதான் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று சொல்லும். ஷெல்செக், செக்பேஷிசம்ஸ் போன்ற கருவிகள் இவற்றை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இரண்டும் இலவசம்.

மூல நிரலில் ஒரு வரி மாறினாலும் இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் தருகிறீர்கள். தொடக்க ஸ்கிரிப்டை மட்டும் ஏன் யாரும் பார்ப்பதில்லை? எங்களைப் பொறுத்தவரை மென்பொருள் அந்த ஸ்கிரிப்டில்தான் தொடங்குகிறது. அது விழுந்தால் உள்ளே நீங்கள் எழுதிய அத்தனை நல்ல நிரலும் இருந்தும் இல்லாததே. இந்த அலட்சியம் உங்கள் குழுவில் மட்டும் இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. பல மென்பொருள்களில் தொடக்க ஸ்கிரிப்ட் யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போனதாகவே கிடக்கிறது. தோற்றுப்போன கட்டளையைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போவது, மேற்கோள் குறியில்லாத மாறி காலியானதும் குழம்பி விழுவது என்று எத்தனையோ பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் பழி விழுவது சர்வரைக் கவனித்துக்கொள்பவர் தலையில்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன். பணிவாகவே கேட்கிறேன். உங்கள் ஆவணத்தில் டெபியனும் உபுண்டுவும் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே மூடிய பிழையறிக்கைகளைத் திறந்துவிடுங்கள். முதல் வரியில் பேஷை வெளிப்படையாகக் கேட்டு, தேவைப்படும் தொகுப்புகளின் பட்டியலில் அதையும் சேருங்கள். ஆல்பைன் போன்ற லினக்ஸ் வழங்கல்களில் பேஷ் தானாக வருவதில்லை. அல்லது அணியை நீக்கிவிட்டு, ‘செட்’ கட்டளையால் எல்லா ஷெல்லிலும் ஓடும்படி எழுதுங்கள். எது செய்தாலும் டெவ்-நல் வரியை எடுத்துவிடுங்கள். அடுத்த வெளியீட்டுக்கு முன் ஸ்கிரிப்டை டாஷில் ஓட்டிப் பாருங்கள். திருத்தத்தை எழுதி ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்துப் பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளை நம்பிச் சர்வர் நடத்தும் ஒரு நிர்வாகி